உறைக்குள் இருப்பது என்ன மருந்து?

(கல்முனையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)





இன்று நான் பேச வந்திருப்பது நோவுக் குளிசையைப் பற்றி. அதிலும் குறிப்பாக, ஒரே குளிசைக்குள் இரண்டு மருந்து, மூன்று மருந்து என்று சேர்த்து அடைத்து வருகிறதே, அந்தக் கலவைக் குளிசையைப் பற்றி. மருந்தோடு வாழ்ந்து பழகியவன் என்ற உரிமையில் பேசுகிறேன். பயமுறுத்த வரவில்லை. நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுங்கள் என்று உபதேசம் செய்யவும் வரவில்லை.

நோவு இல்லாத மனிதர் நம் கரையில் யார்? விடியுமுன் கரைவலை இழுக்கிறவருக்குத் தோள் நோவு. வட்டையில் குனிந்து நிற்கிறவருக்கு நாரி நோவு. மருதமுனையில் தறியில் உட்கார்ந்தவருக்குக் கழுத்தும் முதுகும் நோவு. அடுப்படியில் நாள் முழுக்க நிற்கிற உம்மாவுக்கு முழங்கால் நோவு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குத் தலையிடி. உழைத்துச் சாப்பிடுகிற ஊரில் நோவு இருக்கத்தான் செய்யும். அதற்கு மருந்தும் வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. நாம் விழுங்குகிற குளிசையின் பெயர் நமக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் தெரியுமா?

கடையில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "தம்பி, உடம்பெல்லாம் உளைவா இருக்கு, ரெண்டு நாளைக்குக் குளிசை தாங்க" என்று கேட்கிறோம். தம்பி கத்தரிக்கோலை எடுக்கிறார். ஓர் அட்டையிலிருந்து ஆறு, இன்னோர் அட்டையிலிருந்து ஆறு, மூன்றாவதிலிருந்து நாலு என்று வெட்டுகிறார். சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே காலை, பகல், இரவு என்று மூன்று கோடு கீறித் தருகிறார். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயர் பாதியில் அறுந்துபோகிறது. காலாவதித் திகதி கடையில் மிஞ்சிய துண்டோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருவது ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ். நிறத்தை வைத்துத்தான் நாம் மருந்தை அடையாளம் சொல்கிறோம். "அந்த மஞ்சக் குளிசைதான் எனக்குக் கேட்கும்" என்கிறோம். மஞ்சள் ஒரு மருந்தின் பெயரா?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தாய்மார் கவனமாகக் கேளுங்கள், வீட்டு மருந்துப் பெட்டி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு மேசன் வேலைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலும் உடம்பு நோவும் தடிமனும் வந்திருக்கிறது. வீட்டில் பனடோல் இருக்கிறது. நேரத்துக்கு இரண்டு வீதம் மூன்று நேரம் போடுகிறார். பனடோல் என்பது பரசிட்டமோல். ஒரு குளிசையில் 500 மில்லிகிராம். ஆறு குளிசையில் 3,000 ஆகிவிட்டது. நோவு அடங்கவில்லை என்று கடையில் உறை வாங்குகிறார். அதில் இருக்கும் நோவுக் குளிசை டிக்ளோபெனாக் 50, பரசிட்டமோல் 500 சேர்ந்த கலவை. மூன்று நேரத்துக்கு இன்னும் 1,500. அதே உறையில் தடிமன் குளிசையும் இருக்கிறது. அதற்குள்ளேயும் பரசிட்டமோல் 500. மூன்று நேரத்துக்கு மறுபடி 1,500. கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 6,000 மில்லிகிராம்!

நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்ச அளவு 4,000. அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. உடல் எடை ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர், ஈரல் வருத்தம் உள்ளவர், சாப்பாடு இல்லாமல் கிடப்பவர் இன்னும் குறைவாகத்தான் எடுக்கலாம். நம் மேசனைக் கேட்டால் என்ன சொல்வார்? "நான் ரெண்டு ரெண்டு பனடோல்தான் போட்டன், மத்தது வேற குளிசை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று பெயருக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பரசிட்டமோல் நல்ல மருந்து. அளவோடு எடுத்தால் வயிற்றைப் புண்ணாக்காது. கர்ப்பிணிக்கும் டொக்டர்கள் முதலில் நம்பிக் கொடுப்பது அதைத்தான். ஆனால் அளவு மிஞ்சினால் அது தாக்குவது ஈரலை. பரசிட்டமோலை உடைக்கும்போது உண்டாகும் ஒரு நச்சுப் பொருளை ஈரல் தன் கையிருப்பைக் கொண்டு செயலிழக்கச் செய்கிறது. கையிருப்புத் தீர்ந்தால் அந்த நச்சு ஈரலையே அழிக்கத் தொடங்கும். இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் ஓங்காளம், ஒரு சத்தி. காய்ச்சலின் சோர்வு என்று நினைத்துக்கொள்வோம். கண் மஞ்சளாகும்போது இரண்டு மூன்று நாள் போயிருக்கும்.

கலவை மருந்து எப்படி ஓர் ஊரையே பிடித்தது என்பதற்கு உலகத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சுவீடன் நாட்டில் ஹஸ்க்வார்ணா என்று ஒரு தொழிற்சாலை ஊர். 1918ஆம் ஆண்டு, உலகமெல்லாம் கொள்ளைக் காய்ச்சல் பரவிய நேரம், அங்கே ஹியோர்டன் என்ற டொக்டர் ஒரு தூள் மருந்து கொடுத்தார். பினசெற்றின், பினசோன், கபீன் மூன்றும் கலந்தது. காய்ச்சல் போனது, தூள் போகவில்லை. தொழிலாளர் வேலைக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போனார்கள். தலையிடிக்குப் போட்டார்கள். பிறகு தலையிடி வராமலிருக்கப் போட்டார்கள். பிறகு சும்மாவே போட்டார்கள். பிறந்த நாளுக்கு அழகாகச் சுற்றிப் பரிசாகக்கூடக் கொடுத்தார்கள்! காலம் போகப்போக, அந்த ஊரில் சிறுநீரகம் பழுதாகி இறப்பவர்கள் கூடினார்கள். கிரிம்லுண்ட் என்ற மருத்துவர் ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில், அந்தத் தூளுக்கும் அந்த மரணங்களுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்.

அவுஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அஸ்பிரின், பினசெற்றின், கபீன் கலந்த பெக்ஸ் என்ற தூளை வீட்டுப் பெண்கள் தேத்தண்ணியோடு தினமும் குடித்தார்கள். மெல்பேணில் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற பெண் மருத்துவர், சிறுநீரகம் கெட்டு வந்த நோயாளர்களிடம் இந்தத் தூள் பழக்கத்தைக் கண்டு, விடாமல் எழுதிப் போராடினார். 1979இல் அந்த வகைக் கலவைகளைச் சீட்டில்லாமல் விற்பதை அந்த நாடு நிறுத்தியது. அதன் பிறகு அந்தச் சிறுநீரக நோய் அங்கே குறைந்துகொண்டே போனது.

பினசெற்றின் இன்று கடையில் இல்லை. சரி, பாடமும் முடிந்துவிட்டதா? இல்லை. கலவைக்குள் கபீன் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். நோவைக் கொல்வதில் அது கொஞ்சம் துணை செய்யும். ஆனால் தினமும் உடம்புக்குள் போய்விட்டு ஒரு நாள் நின்றால், அதுவே தலையிடியைக் கொண்டுவரும். தலையிடி வந்தால் மறுபடி குளிசை. இதற்கு மருத்துவத்தில் கணக்கே இருக்கிறது. தனிக் குளிசை மாதத்தில் பதினைந்து நாள், கலவைக் குளிசை என்றால் பத்தே நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மருந்தே தலையிடிக்குக் காரணமாகலாம். "எனக்குக் குளிசை இல்லாமல் ஒரு நாள் ஓடாது" என்று சொல்கிற ராத்தாமார் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். உங்கள் தலையிடியைக் கொண்டுவருவது அந்தக் குளிசையாகவே இருக்கலாம். தயவுசெய்து டொக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனிச் சிறுநீரகத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கலவையில் பரசிட்டமோலோடு பெரும்பாலும் சேர்ந்து வருவது டிக்ளோபெனாக், இபுபுரோபன், அசெக்ளோபெனாக் போன்ற ஒன்று. பெண்கள் மாத நோவுக்குப் போடும் மெபனமிக் அசிட்டும் அந்தக் குடும்பம்தான். இந்தக் குடும்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பு உற்பத்தி செய்யாமல் இவை தடுக்கின்றன. நோவு அடங்குகிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. அதே பொருள்தான் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்கிறது. நோவோடு சேர்த்து அந்தக் காவலையும் நிறுத்திவிடுகிறோம்.

அதனால் என்ன நடக்கும்? வயிற்றில் புண் வரும். சில வேளை நோவே இல்லாமல் உள்ளுக்குள் இரத்தம் கசியும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது இரத்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நான் காஸ்ட்ரிக் குளிசையும் சேர்த்துத்தானே போடுறன்" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். ஒமெப்ரசோல் வயிற்றைக் காக்கும். சிறுநீரகத்தை அது காக்காது. இதயத்தையும் காக்காது.

இப்போது கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் கேளுங்கள். பிரசருக்கு லொசார்டான் அல்லது எனலாப்ரில் போடுகிறீர்கள். கால் வீக்கத்துக்கோ பிரசருக்கோ சலம் போகும் குளிசையும் போடுகிறீர்கள். இரண்டும் உங்களுக்குத் தேவையான மருந்து, நிறுத்தாதீர்கள். ஆனால் அவற்றுக்கு மேல் மூன்றாவதாக ஒரு டிக்ளோபெனாக் கலவை சேர்ந்தால், மூன்றும் மூன்று பக்கத்தால் சிறுநீரகத்தை நெருக்கும். சீனி வருத்தமும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். சில நாட்களிலேயே சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். இதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவருக்கும், வார்பரின் போடுகிறவருக்கும் இரத்தக் கசிவு அபாயம் பல மடங்கு. இத்தனையும் தெரிந்த டொக்டர் கிளினிக்கில் இருக்கிறார். ஆனால் உறை வாங்கப் போகும்போது நாம் கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். இதை மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லையே!

நம் மாவட்டத்தின் உட்பகுதியில், தெஹியத்தகண்டிப் பக்கத்தில், காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுகிறது. காரணம் தெரியாத நோயைத் தடுப்பது எவ்வளவு கடினம்! காரணம் தெரிந்த ஒன்றையாவது நம் கையால் நாமே சேர்க்காமல் இருக்கலாம் அல்லவா?

காய்ச்சல் என்றாலோ இன்னும் கவனம் வேண்டும். 2017ஆம் ஆண்டு யாருக்கும் மறந்திருக்காது. இந்தச் சின்ன நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள், நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டெங்கில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன, இரத்தக் கசிவு வருகிறது. அந்த நேரத்தில் டிக்ளோபெனாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் இவற்றில் ஒன்று உள்ளே போனால் எரிகிற நெருப்பில் எண்ணெய். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று பின்பக்கத்தால் வைக்கிற மருந்து கேட்டு வாங்குகிறோமே, அது பெரும்பாலும் டிக்ளோபெனாக். காய்ச்சல் சட்டென்று இறங்கும். நாமும் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். ஆனால் டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து தொடங்குகிற நேரம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் பிள்ளையின் எடைக்கேற்ப, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். வேறு ஒன்றும் வேண்டாம்.

வட்டையில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு வந்தால், "வேலை செய்த உளைவு" என்று உறை வாங்காதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது தானாகவே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். அதற்கு மேல் இந்தக் குளிசையும் போனால் சிறுநீரகம் எப்படித் தாங்கும்?

நோன்பு மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேத்தண்ணி இல்லாமல் அஸர் நேரத்தில் தலை வெடிக்கும். அதைத் தடுக்க ஸஹர் நேரத்திலேயே ஒரு நோவுக் குளிசையை முன்கூட்டிப் போடுகிற பழக்கம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. நம் வெயிலில் நீர் வற்றும். சிறுநீரகத்துக்குக் காவல் தேவைப்படுகிற அதே நேரத்தில் காவலை எடுத்துவிடுகிறோம். நோன்புக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள், அந்தத் தலையிடி பெரும்பாலும் வராது. நோய் உள்ளவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. உலமாக்கள் மிம்பரில் இதை ஒரு தரம் சொன்னால், நான் நூறு தரம் சொல்வதைவிட ஊருக்குப் போய்ச் சேரும்.

வெளிநாட்டுப் பார்சலும் இருக்கிறது. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிள்ளைகள் அன்போடு மருந்து அனுப்புகிறார்கள். மருந்துத் தட்டுப்பாடு வந்த 2022இல் அது எத்தனையோ வீட்டைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அடோல், பெவடோல் என்று வருவதும் பரசிட்டமோல்தான். பனடோல் எக்ஸ்ட்ரா என்றால் அதோடு கபீன். பெயர் புதிது என்பதால் மருந்தும் புதிது என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். இங்கிருந்து போகிறவர்களும் கொடீன், ட்ரமடோல் கலந்த குளிசைகளைச் சீட்டில்லாமல் பெட்டியில் வைக்க வேண்டாம். வளைகுடா நாடுகளில் அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சிறையில் முடியும்.

கலவை என்றாலே தீது என்று நான் சொல்லவில்லை. பல் பிடுங்கிய பிறகு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு, பரசிட்டமோலும் இபுபுரோபனும் சேர்ந்து தனித்தனியே கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். டொக்டர் ஆளைப் பார்த்து, அளவு சொல்லி, இத்தனை நாள் என்று சொல்லிக் கொடுத்தால் எடுங்கள். ஆனால் கலவைகள் எல்லாம் ஆராய்ந்து பார்த்து உண்டானவை அல்ல. நமக்கு மருந்து அனுப்பும் இந்தியாவே 2016இல் 344 கலவைகளைத் தடைசெய்தது. 2024 ஓகஸ்டில் மேலும் 156. அந்தப் பட்டியலில் அசெக்ளோபெனாக் 50, பரசிட்டமோல் 125 சேர்ந்த நோவுக் குளிசையும் இருந்தது. விற்றுத் தள்ளிய பிறகல்லவா நியாயம் கேட்டார்கள்!

மருந்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியல் அறிஞர். 1971இல் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் பிறந்தது. இன்று நாம் போகிற ஒசுசல அதனுடையதுதான். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார்கள். தேவையான மருந்து, கட்டுப்படியாகும் விலை, கம்பனியின் பெயரில்லாமல் மருந்தின் பெயர். இதுதான் அவர் கொள்கை. 1977இல் தென்னமெரிக்காவின் கயானாவில் பணியிலிருந்தபோது இறந்தார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவர் பிறந்த நாட்டில் நாம் இன்னும் மஞ்சள் குளிசை, ரோஸ் குளிசை என்று கேட்டுக்கொண்டிருக்கலாமா?

ஆகவே என் கோரிக்கை. பார்மசி நடத்தும் சகோதரர்களே, உறையின் மேல் கோடு கீறும் அதே பேனையால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். வாங்குகிறவர்களே, எழுதாவிட்டால் வாங்காதீர்கள். "இதில பரசிட்டமோல் இருக்கா? நான் பிரசர்க் குளிசை போடுறன், இது ஒத்துக்குமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கர்ப்பிணித் தங்கச்சிமாரே, டொக்டரைக் கேளாமல் டிக்ளோபெனாக் குடும்பத்தைத் தொடவே வேண்டாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அது பிள்ளையின் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இழுப்பு உள்ளவர்கள் நோவுக் குளிசை வாங்குமுன் அதைச் சொல்லுங்கள், சிலருக்கு அது மூச்சை அடைக்கும். மூட்டு நோவு உள்ள வாப்பாமாருக்குப் பூசும் களிம்பும், ஒத்தடமும், டொக்டர் சொல்லிக்கொடுக்கும் உடற்பயிற்சியும் நல்ல பயன் தரும். நோவு ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் உறையை மாற்றாதீர்கள், டொக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. யாராவது பரசிட்டமோலைக் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், தெரியாமல் எடுத்திருந்தாலும் சரி, மனம் வெறுத்து எடுத்திருந்தாலும் சரி, "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று காத்திருக்காதீர்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, அசிற்றைல்சிஸ்டீன் என்று பெயர். எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் ஈரலைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். பிந்தினாலும் கொண்டு போங்கள். குளிசையின் அட்டையையும் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், மறைக்காதீர்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. அழைப்புக்கும் காசில்லை, வண்டிக்கும் காசில்லை.